இராசாத்தி கதை படித்த முப்பத்தொரு நாள்

எங்கள் வளவில் இரண்டு வீடுகள். ஒன்று பெரியம்மாவுக்குச் சீதனமாகக் கொடுத்தது, மற்றது என் அம்மாவுக்கு. பின்பக்கம் நாலு எட்டு வைத்தால் வாவி. பெரியப்பாவை நான் படத்தில்தான் கண்டிருக்கிறேன். நான் பிறக்க முன்னரே, சண்டைக் காலத்தில், வவுணதீவுப் பக்கம் மாடு பார்த்துவிட்டு வருகிறேன் என்று தோணி ஏறியவர் திரும்பவில்லை. உடலும் வரவில்லை, செய்தியும் வரவில்லை. சில வருடம் பொறுத்து, காரியத்தையாவது செய்து முடிப்போம் என்று கேட்கப்போன மாமாவைப் பெரியம்மா உலக்கையோடு துரத்தினார் என்பது எங்கள் வீட்டில் சிரித்துச் சிரித்துச் சொல்லப்படும் கதை. மாமா மட்டும் சிரிக்கமாட்டார்.

ஆறாம் ஆண்டில் பேச்சுப் போட்டியில் எனக்குப் பரிசாக ஒரு தடித்த நாவல் கிடைத்தது. மட்டக்களப்பை முன்னொரு காலத்தில் ஆண்ட ஓர் அரசியின் கதை. பதினொரு வயதுப் பிள்ளைக்கு அதைத் தெரிவு செய்தவர் அட்டையைத் தாண்டி உள்ளே போகவில்லை என்றுதான் நினைக்கிறேன். போருக்குப் போன அரசன் வரவில்லை. மந்திரிமார் வெள்ளைச் சேலையை நீட்டுகிறார்கள். அரசி அதை வாங்காமல் சிம்மாசனத்தில் ஏறி உட்கார்ந்துவிடுகிறாள்.

பெரியம்மாவுக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது, எழுத்துத் தெரியாது. நான் கதையைச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தவர், "விளக்கு வச்சாப் பிறகு வா புள்ள. சத்தமாப் படி. மாமா படிக்கிற இராகத்தில படி" என்றார்.

மாமா செத்தவீடுகளில் அம்மானை படிப்பவர். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் வரை அந்த வீட்டில் அம்மானை படிப்பார்கள். இழுத்து இழுத்துப் பாடும் அந்த இராகம் எந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ஒரு நாவலை அப்படி இழுப்பது லேசான வேலை இல்லை. கோட்டைக் கதவு திறப்பதற்குள் எனக்கு மூச்சு முட்டிவிடும். எனக்கு அது விளையாட்டாக இருந்தது.

பெரியம்மாவுக்கு அப்படி இல்லை. குளித்துவிட்டு வந்து, வாங்குப் பலகையில் வெள்ளைத் துணி விரித்துப் புத்தகத்தை வைப்பார். சுவரோரம் ஒரு பாய், பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர். அந்தப் பாயில் யாரும் உட்காருவதில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவு என்று என்னைக் கொண்டே பக்கங்களை எண்ணுவித்து, இடையிடையே ஈர்க்குத் துண்டுகளைச் செருகியிருந்தார். நான் படிக்கும்போது அவர் முகம் பாயின் பக்கமே இருக்கும். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்காமல் ஒரு நாள் பாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அது இன்னும் மோசமாக இருந்தது. எங்கள் நாய் வாசற்படிவரை வந்து, காதை மடித்துக்கொண்டு திரும்பிப் போகும்.

இருபத்தைந்தாம் நாள் காற்று மாறி அடித்ததில் என் குரல் தெருவுக்குக் கேட்டுவிட்டது. மூன்று பெண்கள் கூந்தலை அவிழ்த்தபடி படலையைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முன்னால் வந்தவர் ஒப்பாரியைத் தொடங்கியும் விட்டார். பெரியம்மா விளக்கடியில் உயிரோடு இருப்பதைக் கண்டு பாதியில் நிறுத்தினார்.

"ஆருகா மோசம் போன?"

"ஒருத்தருமில்ல. புள்ள கதை படிக்கிறாள்" என்றார் பெரியம்மா.

களுவாஞ்சிக்குடித் தையல் கடையில் வேலை முடிந்து அம்மா பஸ்ஸால் இறங்கும்போதே செய்தி காத்திருந்தது. அம்மா என்னை அடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "சாவு விழாத வீட்டில அந்த இராகம் எடுத்தா, அது ஒரு சாவைக் கூட்டிக்கொண்டுதான் போகும்" என்று சொல்லிப் புத்தகத்தை அலுமாரியில் வைத்தார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் முழுநேரமும் எங்கள் வளவு ஆட்களை எண்ணினேன். அப்பா கட்டாரில். சாவு கடல் தாண்டாது என்று அவரை விட்டுவிட்டேன். மிச்சம் மூன்று பேர், நாயோடு நாலு. நாயாக இருக்கட்டும் என்று பிள்ளையாரிடம் கேட்டேன். வீட்டுக்கு வந்ததும் அது வாலாட்டிக்கொண்டு ஓடி வர, எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இனிப் படிக்கமாட்டேன் என்று பெரியம்மாவிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இடையில விட்டாத்தான் புள்ள பொல்லாப்பு. இன்னும் ஆறு நாள்தானே. கதவைச் சாத்திப்போட்டு மெதுவாப் படி. அவர் கிட்டத்தானே இருக்கார்."

யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்று பயம். அம்மா வருவதற்குள் புத்தகத்தை எடுத்துவந்து, அதே இராகத்தில், காதோடு பேசுகிற சத்தத்தில் படித்தேன். முதுகுப் பக்கம் பாய் ஒரு தடவை சரசரத்தது. காற்றாக இருக்கலாம், ஆனால் கதவு சாத்தியிருந்தது.

முப்பத்தோராம் நாள் கதை முடிந்தது. வயதான அரசி, அரசனின் உடுப்புகளை ஒரு வெறுந்தோணியில் ஏற்றி, தன் கையாலேயே வாவியில் தள்ளிவிடுகிறாள். அந்தப் பக்கத்தைப் பெரியம்மா இரண்டு தடவை படிக்கச் சொன்னார். பிறகு எழுந்து பாயின் பக்கம் பார்த்து, "நேரம் போகுது, நீங்க போங்க" என்றார். பாயைச் சுருட்டினார். செம்பில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. வெக்கைக்கு வற்றியிருக்கும் என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

விடியும்வரை எனக்குத் தூக்கமில்லை. யாரைக் கொண்டுபோகப் போகிறதோ என்று அம்மாவின் மூச்சைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். காலையில் அம்மா எழும்பினார். நாயும் எழும்பியது. கொஞ்ச நேரத்தில் பெரியம்மா சோறும் மீன் கறியுமாகச் சட்டியைச் சுமந்துகொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

"பாத்தீங்களாம்மா? முப்பத்தொரு நாளும் படிச்சு முடிச்சிட்டம். ஒருத்தரும் சாகல்ல."

அம்மா என்னைப் பார்க்கவில்லை, பெரியம்மாவின் நெற்றியைப் பார்த்தார். நான் கண் திறந்த நாளிலிருந்து அங்கே இருந்த குங்குமப் பொட்டு இல்லை. நெற்றி கழுவித் துடைத்திருந்தது.

"ஒருத்தரையும் கூப்பிடாமக் காரியத்த முடிச்சிட்டியே அக்கா" என்று அம்மா அப்படியே நிலத்தில் உட்கார்ந்து கூந்தலை அவிழ்த்தார். நான் சொன்னது காதில் விழவில்லைப் போலிருக்கிறது என்று நினைத்து, ஒருத்தரும் சாகவில்லை என்று இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.