இரண்டு விரல் இடைவெளி

வெல்டருக்கு வாழ்க்கையில் உருப்படியாகத் தெரிந்தது ஒன்றுதான்: வேண்டாததை உள்ளே விடாமல் தடுப்பது. நாற்பது வருடம் ஊரார் வீட்டு ஜன்னலுக்கெல்லாம் கிரில் அடித்தவர். "நான் அடிச்ச கிரில்லுக்குள்ள ஒரு பூனை போகட்டும் பாப்போம்" என்று பீற்றிக்கொள்வார். அந்தக் கெட்டிக்காரத்தனம் கடைசியில் சொந்த வீட்டிலேயே வேலையைக் காட்டியது.

பக்கவாதம் வந்து அவர் மனைவி படுத்துவிட்டாள். பேச்சும் போயிற்று. எட்டு மாதமாகச் சுவரையே பார்த்துக் கிடந்தவளுக்காக, கொல்லைப்புற ஜன்னலுக்கு நேரே ஒரு தீனித்தட்டைத் தொங்கவிட்டார். சிட்டுக்குருவி என்றால் அவளுக்கு உயிர். குருவிகள் வந்தன. அவள் திரும்பவில்லை. பின்னாலேயே புறாக்கள், சம்பந்தி வீட்டார் மாதிரி உரிமையோடு வந்து இறங்கின. அன்றைக்குத்தான் அவள் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி, "ஊ... ஊ..." என்று சத்தம் போட்டாள்.

"பாத்தியா பாப்பா, அம்மாவுக்கு வர்ற கோவத்த! புறா வந்து குருவிய வெரட்டுதாம்."

"அம்மா எப்பப்பா கோவப்பட்டிருக்காங்க?" என்றாள் மகள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து புறாக்களோடு மல்லுக்கட்டு. பழைய சிடிக்களைக் கட்டினார். புறாக்கள் அதில் முகம் பார்த்தன. தூண்டில் நரம்பைக் குறுக்கே இழுத்துக் கட்டினார். நாலு நாள் யோசித்துவிட்டு வந்தன. உட்காரும் குச்சியைக் குட்டையாக வெட்டினார். தட்டுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்தன. ஒவ்வொரு முறையும் உள்ளேயிருந்து "ஊ... ஊ...". இனி அவளுக்கென்று செய்ய வேறு என்ன இருக்கிறது, இந்த ஒன்றையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டாமா என்று அவருக்கு மனசு அடித்துக்கொண்டது.

கடைசியில் மிச்சக் கம்பிகளைப் பொறுக்கி, இரண்டு விரல் இடைவெளி விட்டு, தட்டைச் சுற்றிக் கூண்டு அடித்தார். குருவி நுழையும், புறா நுழையாது. எந்தப் பறவையையும் கீறிவிடாதபடி முனைகளைத் தேய்த்து மழுக்கினார். பத்தே நாளில் புறாக்கள் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. குருவிகள் குடும்பம் குடும்பமாக வந்து தின்றன. உள்ளே சத்தம் நின்றது.

"இப்ப நிம்மதியா?" என்று மனைவியின் நெற்றியைத் தடவினார். அவள் பழையபடி சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தாள்.

அடுத்த மாதம் மகள் கண் டாக்டரை வீட்டுக்கே கூட்டிவந்தாள். டாக்டர் அவள் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பார்வை ரொம்பக் கொறஞ்சிருக்கு. பெருசா ஏதாவது அசைஞ்சா நிழல் மாதிரி தெரியும். சின்னதெல்லாம் தெரியவே தெரியாது."

"எப்பலேருந்து டாக்டர்?" என்றாள் மகள்.

"படுத்த அன்னிக்கே போயிருக்கும்மா."

வெல்டர் எழுந்து போய் ஆக்ஸா பிளேடை எடுத்துவந்து கூண்டை அறுத்தார். தன் கையால் அடித்ததைத் தானே அறுத்தது அதுதான் முதல் தடவை. தட்டு வழிய வழியத் தானியம் கொட்டினார். ஒரு வாரம் காத்திருந்தார். ஒரு புறாகூட வரவில்லை. அவ்வளவு நன்றாக விரட்டியிருந்தார்.

எட்டாம் நாள் காலையில் சாம்பல் நிறப் போர்வை ஒன்றை எடுத்துக்கொண்டு தட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார். இரண்டு கையாலும் அதை இறக்கை மாதிரி தூக்கித் தூக்கி அடித்தார். குருவிகள் பதறிக்கொண்டு பறந்தன. அவருக்கு மூச்சு வாங்கியது.

"பாப்பா, அம்மா சத்தம் போட்டாளா?"

ஜன்னலுக்குள்ளிருந்து மகள் குரல் கொடுத்தாள்.

"போட்டாங்கப்பா. நல்லா போட்டாங்க."

அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே பொய் சொல்ல வராது, குரலே காட்டிக்கொடுத்துவிடும். வெல்டர் போர்வையை மறுபடியும் தூக்கினார்.