வண்டி நிற்காத நாற்சந்தி

நாற்சந்தியில் நெரிசலைக் குறைக்கிற வேலை என்றால், நெரிசலில் மாட்டியவன், மாட்டாதவன் இருவரிடமும் ஏச்சு வாங்குகிற வேலை. எழுபதுகளின் தொடக்கத்தில், மாநகராட்சியில் இளம் இன்ஜினியராக நான் அதைச் செய்தேன். தி.நகரில் நான்கு தெருக்கள் முட்டிக்கொள்ளும் ஒரு சந்தி. போலீஸ்காரர் கை காட்டுவதை நிறுத்திவிட்டு, நடுவில் தார் டிரம்களை வட்டமாக அடுக்கினோம். வண்டிகள் அதைச் சுற்றிக்கொண்டு நிற்காமல் போகவேண்டும். வெள்ளோட்டம் பலித்தால் சிமென்டில் நிரந்தர ரவுண்டானா.

டிரம்களுக்குக் காவலாக என்னை நிறுத்தினார்கள். மனைவிக்குத் திருச்சியில் பள்ளிக்கூட வேலை. கோபாலபுரத்து வாடகை அறையில் என்னோடு பேச யாருமில்லை. சந்தியில் திட்டுகிறவர்களாவது இருந்தார்கள். வெயிலில் சந்தியில் நின்று வெந்தவர்கள்தானே நீங்களும், கேளுங்கள்.

வெளியே வரத் தெரியாதவர்

முதல் நாளே மயிலாப்பூர் வக்கீல் ஒருவர் பழைய காரில் மனைவியோடு ஜவுளி எடுக்க வந்தார். வட்டத்துக்குள் நுழைந்துவிட்டார், வெளியே வரத் தெரியவில்லை. என்னைக் கடக்கும்போதெல்லாம் எந்தப் பக்கம் போவது என்று கேட்பார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த தெருவுக்குப் போயிருப்பார். கடைசியில் சுற்றுகிற பாதையிலேயே காரை நிறுத்தி வியர்வையைத் துடைத்தார். பின்னால் ஹாரன்கள் அலறின. அந்த அம்மாள் தலையை வெளியே நீட்டி நிதானமாகச் சொன்னார்: "இவரை எப்படியாவது வெளியில விடுங்கோ. கோவில்லகூட ஒரு பிரதட்சிணத்துக்கு மேல பண்ணமாட்டார்."

யாருக்குச் சிலை?

பிறகு உள்ளூர்க் கட்சிக்காரர் ஒருவர் வந்தார். டிரம்களுக்கு நடுவே நின்று நாலு திசையும் பார்த்துவிட்டு, எந்தத் தலைவருக்குச் சிலை வைக்கப்போகிறோம் என்று கேட்டார். சிலையே கிடையாது என்றேன். நம்பவில்லை. எதிர்க்கட்சிக்குத்தான் இடம் ஒதுக்கியிருக்கிறோம் என்று சந்தேகப்பட்டார். நான் சத்தியம் செய்தபிறகு என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம்தான் இருந்தது. "வட்டம் போட்டுட்டு நடுவுல ஆள் இல்லேன்னா நல்லாவா கீது? செல வர்ற வரைக்கும் நீ நின்னுகினு இரு."

அண்ணாச்சியின் காபி

இதைச் சொல்லிச் சிரிக்க அன்று மாலை எனக்கு ஆள் கிடைக்கவில்லை. மறுநாள் மூலை ஜவுளிக்கடை அண்ணாச்சி காபி கொடுத்தனுப்பியபோது, பேச ஆள் கிடைத்ததென்று மகிழ்ந்துபோனேன். காபிக்குப் பின்னாலேயே அவரும் வந்தார். முன்பெல்லாம் வண்டிகள் முட்டி நிற்கும். ரிக்ஷாவில் இருக்கிற பெண்கள் தொங்கும் சேலைகளைப் பார்த்துவிட்டு இறங்கி வருவார்கள். இப்போது எல்லாம் சர்ரென்று போய்விடுகிறதாம். கோபமே இல்லாமல் சொன்னார்: "ரோட்டை நல்லா சரி பண்ணிட்டிய தம்பி. ஏவாரம்தான் படுத்துட்டு."

பட்டம்மா

சைதாப்பேட்டையிலிருந்து பூக்கூடையோடு வருகிறவள் பட்டம்மா. நிற்கிற கார்களின் ஜன்னலோரம் போய் மல்லிகை விற்பாள். நான் வெயிலில் நிற்பதைப் பார்த்து, தன் மரத்தடியில் சாக்கை நகர்த்தி இடம் கொடுத்தாள். மத்தியானமானால் சாப்பிட்டாயா என்று கேட்பாள். அந்த ஊரில் என்னை அப்படிக் கேட்டது அவள் ஒருத்திதான். அதற்காகவே மத்தியானத்துக்குக் காத்திருப்பேன்.

வண்டிகள் ஓடப் பழகியதும் அவள் கூடை காலியாவது நின்றது. ஒரு நாள் டிரம்மைக் காட்டி, இது எப்போது போகும் என்று மட்டும் கேட்டாள். வெள்ளோட்டம் தோற்றால் போகும் என்றேன். தோற்காதா என்று அவள் கேட்கவில்லை. நான்தான் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே மேலதிகாரி வந்தார். வெகுநேரம் நின்று பார்த்தார். ஒரு வண்டிகூட நிற்கவில்லை. சிமென்ட் போடச் சொல்லி, என் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

மரத்தடிக்குப் போனேன். அவள் சாக்கை மடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பொறு, பூக்காரர்களுக்கு ஓரமாக இடம் விடச் சொல்லி எழுதுகிறேன் என்றேன். இடம் எதற்கு, வண்டியல்லவா நிற்கவேண்டும் என்றாள். சைதாப்பேட்டை மார்க்கெட் பக்கம் இன்னும் நிற்கிறதாம். கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பினாள். "அல்லாரும் போறதுக்கு வழி பண்ணிட்டே சார். அதான் நானும் போறேன். வேளைக்குத் துண்ணு."

மறுநாளிலிருந்து அந்தச் சந்தியில் என்னை யாரும் திட்டவில்லை, என்னோடு யாரும் பேசவும் இல்லை. எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் வெற்றி.