ஒன்றரை அடி

கடலூரில் அக்கா வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். போன வெள்ளத்தில் இரண்டு வீட்டுக்குள்ளும் தொடையளவு தண்ணீர் நின்றது. ஜாக்கி வைத்து வீட்டை மூன்றடி உயர்த்திவிட வேண்டும் என்று அக்காவின் கணவர் முடிவு செய்தார். பார்க்க வந்த மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, தூக்கினால் இரண்டு வீட்டையும் சேர்த்துத்தான் தூக்க முடியும் என்றார்.

நான் சிதம்பரத்திலிருந்து போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமா பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசப் போனார். நானும் அக்காவும் கூடப் போனோம். பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். கூடத்தில் புது ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"ஏரியத் தொறந்து வுட்டானுங்க, தண்ணி வந்துது. அதுக்குப் போயி வூட்டத் தூக்குவாங்களா தம்பி?"

"மழ பேஞ்சாதானண்ணே ஏரி ரொம்பும்? ஒரு மாசத்து மழ ஒரே நாள்ல கொட்டுது."

"நான் சின்னப் புள்ளையா இருக்கும்போதும்தான் கொட்டுச்சி."

அக்கா ஏசியை அண்ணாந்து பார்த்தாள். "இத எதுக்குண்ணே மாட்டுனீங்க?"

"வெயில் ஜாஸ்தியாயிடுச்சேம்மா. முன்ன மாதிரியா இருக்கு?"

"வெயிலு மட்டும் மாறுமாம், மழ மாறாதாம்."

உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்தார். அவர் சிரிக்கவில்லை.

பருவநிலை மாற்றம் என்று பத்திரிகை அலுவலகத்தில் எத்தனையோ செய்திகளுக்குத் தலைப்பு வைத்திருக்கிறேன். அன்று அந்தக் கூடத்தில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அவர் மனத்தை மாற்றியது, தெருவுக்குப் புதிதாகப் போட்ட ரோடு. பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டார்கள். அவர் வீட்டு வாசலின் கீழ்ப்படி மறைந்துபோனது. மறுநாளே கையில் டேப்போடு மாமாவிடம் வந்தார்.

"தூக்கிடலாம் தம்பி. ரோடு அர அடி ஏறிடுச்சி. ஒன்னர அடி ஏத்துனா இன்னும் ரெண்டு தடவ ரோடு போட்டாலும் தாங்கும்."

"தண்ணி அதுக்கு மேல நின்னுதேண்ணே?"

"அது ஏரித் தண்ணி. அத நான் கணக்குல சேக்க மாட்டேன்."

மூன்றடிக்காக மாமா பல நாள் பேசிப் பார்த்தார். அவர் இறங்கி வரவில்லை. அவர் இல்லாமல் சுவர் நகராது. கடைசியில் இரண்டு வீடும் ஒன்றரை அடியில் நின்றன.

அதே தண்ணீர் மறுபடி வந்தால் புதுத் தரையிலும் கணுக்காலுக்கு மேல் ஏறும். அக்கா ஐப்பசிக்கு முன்பே ஃபிரிட்ஜுக்கு உயரமான இரும்பு ஸ்டாண்டு ஒன்று செய்து வாங்கினாள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, எந்தப் பட்டறையில் செய்தது என்று கேட்டுக்கொண்டு போனார்.