கனகம்மாள் மெஸ்ஸின் திறந்த இலைகள்

“சார், குப்பையத் தெருவுல கொட்டாதேன்னு ஸ்கூல் பசங்களுக்குச் சொல்லித் தர்றீங்க. சரி, என் கடைக் குப்பைய நான் எங்க கொட்டட்டும்? அதையும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க.”

சென்ற வாரம் கனகம்மாளின் மகள் தொலைபேசியில் அழைத்து, “அம்மா போய்ட்டாங்க சார்” என்று சொன்னபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தக் கேள்விதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கரையான்சாவடி மெயின் ரோட்டில் அவர் நடத்திய மெஸ்ஸில், மோர்ச் சோறு பிசைந்துகொண்டிருந்த என்னிடம் கேட்டார். கரையான்சாவடிக்காரர்களான உங்களில் பலரும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்தாம்.

கேள்வியில் கேலி இருந்தது. அதைவிடக் கவலை அதிகம் இருந்தது. மெஸ்ஸின் எச்சில் இலைகள் எல்லாம் பின்னாலிருந்த காலி மனையில்தான் விழும். மனையை ஒட்டிப் புதிதாக ஒரு வீடு எழுந்தது. நாற்றம் தாங்கவில்லை என்று அந்த வீட்டார் முறையிட்டார்கள். மெஸ் இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: பொங்கலுக்குள் இலைக் குவியல் போக வேண்டும், இல்லையென்றால் மெஸ் போக வேண்டும். கணவரை இழந்த கனகம்மாளுக்கும் அவருடன் சமைத்த பெண்களுக்கும் அந்த அடுப்புதான் பிழைப்பு.

பால் ஊற்ற வந்த கோவிந்தனிடம் அதே கேள்வியைக் கேட்டோம். அடுத்த தெருவில் மாடு வைத்திருந்தவர் அவர். “வாழயெலதானே? குடுக்கா, மாடு துன்னும்” என்றார். கூடை கூடையாக இலைகள் அவர் கொட்டகைக்குப் போயின. பின்மனை சுத்தமானது. தீர்ந்தது தொல்லை என்று நினைத்தோம்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கோவிந்தன் வாசலில் நின்று கத்தினார்.

“இன்னாக்கா, எலையா குடுத்த நீ? பாலிதீன் கவரு, பாக்குப் பொட்டலம், எல்லாம் என் மாட்டு வயித்துல இருந்துச்சு! உன் எலையும் வாணாம், ஒரு மண்ணும் வாணாம்!”

கறவை மாடு அசைபோடாமல், வயிறு உப்பி நின்றிருக்கிறது. மாட்டு ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்துதான் காப்பாற்றியிருக்கிறார்கள்.

கோவிந்தன் போனதும் கனகம்மாள் அன்றைய எச்சில் இலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். சாப்பிட்டு முடித்ததும் இலையை நம் பக்கமாக மடித்து மூடுகிறோம் அல்லவா? மூடுவதற்கு முன், வீட்டிலிருந்து வறுவல் கொண்டுவந்த கவரையும், கிழித்த பாக்குப் பொட்டலத்தையும் அதற்குள் போட்டுவிடுகிறோம். பிறகு மரியாதையாக மூடிவிட்டு எழுந்துவிடுகிறோம். உள்ளே இருப்பது பரிமாறியவருக்கும் தெரியாது, மாட்டுக்கும் தெரியாது.

மறுநாள் அவர் மெஸ்ஸின் நடுவில் நின்று அறிவித்தார். “இன்னிலேருந்து யாரும் எலைய மூடக் கூடாது. அப்டியே தொறந்து வுட்டுட்டு எந்திரிங்க.”

சின்ன விஷயம் என்று தோன்றும். ஆனால் மூடாமல் எழுந்தால் சாப்பாடு பிடிக்கவில்லை என்றல்லவா பொருள்? பஸ் கண்டக்டர் ஒருவருக்கு மனமே வரவில்லை.

“இன்னாக்கா, உன் கையால துன்னுட்டு உன்னியே அசிங்கப்படுத்தச் சொல்றியா?”

“சோறு நல்லா இருந்தா வாயால சொல்லு நைனா. வாய் எதுக்குக் கீது, துன்றதுக்கு மட்டுமா?”

மெஸ் முழுவதும் சிரித்தது. ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வருகிற திருநெல்வேலிக்காரர். “எங்க பக்கம் எலைய மூடாம எந்திரிக்க மாட்டோம், பாத்துக்கிடுங்க” என்று சொல்லி, அழுத்தி மூடிவிட்டு எழுந்தார். கனகம்மாள் அவர் கண்ணெதிரிலேயே அந்த இலையைப் பிரித்து, உள்ளே கிடந்த கவரைத் தன் கையால் எடுத்தார்.

“கோச்சிக்காதீங்கண்ணே. நீங்க மூடுனா நான் தொறக்கணும். நான் தொறக்கலன்னா மாட்டு டாக்டர் தொறப்பாரு.”

அவர் கை கழுவிவிட்டுப் போய்விட்டார். இனி வரமாட்டார் என்றே நினைத்தேன். மறுநாள் வந்தார், சாப்பிட்டார், இலையைத் திறந்தபடியே விட்டு எழுந்து, கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோல உரக்கச் சொன்னார்: “கொழம்பு நல்லா இருந்துச்சு, தாயி.”

அதன்பின் அந்த மெஸ் சத்தம் மிகுந்த இடமாகிவிட்டது. எழுந்தவர்களெல்லாம் எதையாவது சொல்லிவிட்டுத்தான் கை கழுவப் போனார்கள். “ரசம் சூப்பர்க்கா” என்பார் ஒருவர். “மோருதான் ஒரே தண்ணி” என்பார் இன்னொருவர். அதையும் கனகம்மாள் கேட்டுக்கொண்டார்.

பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது, கோவிந்தன் மறுத்த இலைகள் மறுபடியும் பின்மனையில் குவிந்துகொண்டிருந்தன. கனகம்மாள் கோவிந்தனைத் தானே போய் அழைத்து வந்தார். அவர் கைகழுவும் இடத்தருகே கைகட்டி நின்று, ஒரு பந்தி முடியும்வரை பார்த்தார். பிறகு கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். “எவனாவது மூடுனான்னு வையி, அவன் தலையிலேயே கவுத்துடுவேன்” என்றார். பொங்கல் கழிந்தது, மெஸ் அங்கேயே இருந்தது.

இதைப் பார்த்த அக்கம்பக்கக் கடைக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. தச்சுப் பட்டறை இழைப்புத்தூள் கனகம்மாளின் தூள் அடுப்புக்கு வந்தது. அவர் கடைக் கொட்டாங்கச்சி இஸ்திரி வண்டிக்குப் போனது. டீக்கடையின் சக்கைத்தூளைக் குமணன்சாவடியில் ரோஜாச் செடி விற்றவர் உரத்துக்கு எடுத்துப்போனார். எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்லமாட்டேன். எண்ணெய்க் கறைத் துணிகளை என்ன செய்வதென்று எங்கள் யாருக்கும் கடைசிவரை தெரியவில்லை. ஆனால் ஆளுக்கு ஆள் கேட்டுக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. கனகம்மாள் சொல்வார்: “குப்பைன்னு சொன்னா எவனும் தொட மாட்டான் சார். யாருக்குன்னு தெரிஞ்சிட்டா, அது அவனோட சரக்கு.”

அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. கல்யாண வீடுகளில் இன்றும் நான் இலையை மூடுவதில்லை. சமையல்காரரைத் தேடிப்போய், சாப்பாடு நன்றாக இருந்தது என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன். “மானத்த வாங்காதீங்க” என்று என் மனைவி முழங்கையால் இடிக்கிறாள். இடிக்கட்டும்.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நாளைக்குக் குப்பையைக் கட்டுவதற்கு முன், அதிலிருந்து ஒரே ஒரு பொருளைத் தனியாக எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போங்கள், “இது உங்களுக்கு ஆகுமா?” என்று கேளுங்கள்.