தகப்பன்மார் பெயரில் இரண்டு நாம்பன்கள்

மழையில் ஊறிய குளிர்கோட்டுகள் மூடிய அறைக்குள் கிடந்து காயும்போது ஒரு புழுங்கல் நாற்றம் எழும். அதனோடு ரோல்ஸ் பொரித்த பழைய எண்ணெயும், திறந்து வைத்த கருவாட்டுப் பெட்டியும், யாரோ மென்று துப்பிய வெற்றிலையும் சேர்ந்தால் வருவதுதான் எங்கள் ஊர்ச் சங்கத்தின் வாடை. பிரெஞ்சுத் தலைநகரின் ரூ காய் தெருவில் குணம் மாமாவின் பலசரக்குக் கடைக்குப் பின்னால், அரிசி மூட்டைகளை ஒருபக்கம் தள்ளிவிட்டு அந்தச் சங்கம் சனிக்கிழமைகளில் கூடும். அம்மா சனிக்கிழமையும் வீடு துடைக்கிற "மெனாஜ்" வேலைக்குப் போய்விடுவதால், தமிழ் வகுப்பு முடிந்ததும் அப்பா என்னை எபினேயில் இருந்த வீட்டுக்குக் கொண்டுபோய் விடாமல் நேரே கடை இருந்த லா சப்பலுக்கு இழுத்து வந்து ஒரு மூட்டையின் மேல் இருத்திவிடுவார். எனக்குப் பத்து வயது. பெரியவர்களைப் பற்றி எனக்கு ஏற்பட்ட அருவருப்பு எல்லாம் அந்த மூட்டையின் மேல் இருந்து பிடித்ததுதான், இன்னும் விட்டபாடில்லை.

சண்டை ஓய்ந்து சனம் ஊருக்குத் திரும்பிய காலத்தில், ஊர் மாட்டினத்தைத் திருத்த வேண்டும் என்று சங்கத்துக்கு ஒரு ஞானம் பிறந்தது. நல்ல இனத்து "நாம்பன்" இரண்டை, அதாவது பசுக்களைச் சினைப்படுத்துவதற்கென்றே வளர்க்கிற காளைகளை, வாங்கி ஊருக்குக் கொடுத்தார்கள். எங்கள் ஆட்களைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு மிச்சக் கதை தெரிந்திருக்கும். இறந்தவர் ஒருவரின் பெயரை எழுதாமல் எங்களுக்கு ஒரு கிணற்று வாளிகூடக் கொடுக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்து மேசை, கோவில் மணி, தண்ணீர்த் தாங்கி எல்லாவற்றிலும் அமரர் இன்னார் ஞாபகார்த்தமாக என்று எழுதியிருக்கும். ஒரு நாம்பனைக் குணம் மாமா தன் தகப்பனார் கந்தையாவின் நினைவாகக் கொடுத்தார். கொத்துரொட்டிக் கடை வைத்திருந்த செல்வம் மாமா சும்மா இருப்பாரா, மற்றதைத் தன் தகப்பனார் சின்னத்தம்பியின் நினைவாகக் கொடுத்தார். ஊர்ச்சனம் "அமரர்" என்பதையும் "ஞாபகார்த்தமாக" என்பதையும் ஒரே வாரத்தில் கழற்றி எறிந்துவிட்டு, நாம்பன்களைக் கந்தையா, சின்னத்தம்பி என்றே கூப்பிடத் தொடங்கியது.

அவற்றைப் பார்க்கும் பொறுப்பு அப்பாவின் அக்கா, எங்கள் ராசம் மாமியின் தலையில் விழுந்தது. விழவில்லை, அப்பாதான் தூக்கி வைத்தார். கூட்டத்தில் யாரும் வாய் திறக்காத நேரத்தில், என்ர அக்கா பார்ப்பா என்று மாமியைக் கேளாமலே வாக்குக் கொடுத்தார். மாமி தனி ஆள். ஒரு கறவைப் பசுவும் அதன் கன்றும்தான் அவளுடைய சீவியம். பால் விற்றுத்தான் அடுப்பு எரிந்தது. நாம்பன்களைப் பார்த்ததற்கு அவளுக்குக் கிடைத்தது சாணம் மட்டும். சங்கம் அனுப்பிய காசில் பளிங்குக்கல் பதித்த பெயர்ப்பலகையோடு ஒரு சீமெந்துக் கொட்டில் எழும்பியது. மழைத்தண்ணீர் தேங்கி மாட்டுக்குக் குளம்பு அழுகும், மண்தரைதான் நல்லது என்று மாமி சொல்லிப் பார்த்தாளாம். மண்தரையில் பளிங்குக்கல்லை எங்கே பதிப்பது என்று இங்கேயிருந்து கேட்டார்களாம்.

நான் சொல்ல வந்த குளிர்காலம், ஊரில் "மாரி". இங்கே பின்னேரமே இருண்டுவிடும், அங்கே விடியவிடிய மழை பெய்யும். மாரியில் வயலெல்லாம் நெல் விதைத்திருப்பதால் மாட்டை அவிழ்த்துவிட முடியாது. மேய்ச்சல் தரவை வெள்ளத்துக்குள் கிடக்கும். முந்தின போகத்து வைக்கலைப் போட்டுத்தான் மாட்டைக் காப்பாற்ற வேண்டும். அந்த முறை முந்தின போகமும் வறண்டுபோனதால் யாரிடமும் வைக்கல் இல்லை. இருந்த வைக்கல் போரிலும் பாதி நனைந்து பூஞ்சணம் பிடித்துவிட்டது. காசு கொடுத்தாலும் வாங்குவதற்கு அயலில் எங்கும் ஒரு கட்டு இல்லை. பெரிய இன நாம்பன் ஒன்று தின்கிற தீனி எங்கள் ஊர் மாடு மூன்றுக்குப் போதும்.

மாமி வாட்ஸ்அப்பில் சங்கத்தைக் கூப்பிட்டு, முதலில் நாம்பன்களின் படத்தைக் காட்டினாள். வெள்ளைத் தோலுக்கு மேலே விலா எலும்புகள் வரிவரியாகத் தெரிந்தன, காலடியில் பச்சைத் தண்ணீர். பிறகு அவள் ஒரு மூச்சில் சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது.

"தம்பிமார், கையில இருக்கிற வைக்கல் ஒண்டுக்குத்தான் காணும். ஒண்டை வித்துப்போட்டால் மற்றதை மாரி முடிய மட்டும் இழுத்துப்போடுவன். ரெண்டையும் வைச்சிருந்தால் ரெண்டும் சாகும். ஆரை விக்கிறதெண்டு நீங்கள் சொல்லுங்கோ."

மாரியில் நாம்பனை விலைக்குக் கேட்டு வருகிறவன் இறைச்சிக்காரன் ஒருவன்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். அறையில் இருந்தவர்கள் ஆளை ஆள் பார்த்துக்கொண்டார்கள். தன் அப்பாவை இறைச்சிக்கடைக்கு அனுப்புவதா என்று குணம் மாமா கண் கலங்கினார். அவர் கையில் இருந்தது மாட்டிறைச்சி ரோல்ஸ். அதற்கு அந்த அறையில் "மற்ற ரோல்ஸ்" என்று ஒரு பெயர் இருந்தது, மரியாதைக்காக. ஒருவர் திருவுளச்சீட்டுப் போட்டுப் பார்ப்போம் என்றார். தகப்பனைச் சீட்டில் சுருட்டி எடுக்கிறதோ என்று செல்வம் மாமா சீறி விழுந்தார். அடுத்த சனி பாப்பம் என்று எழும்பினார்கள். மாட்டுக்கு அடுத்த சனி வரைக்கும் பசிக்காது என்று நினைத்தார்களோ என்னவோ.

அடுத்த சனியும் அதே கதைதான். அன்றைக்கு அவர்கள் பேசியதில் நாம்பனும் இல்லை, வைக்கலும் இல்லை. எவருடைய தகப்பன் ஊருக்கு என்ன செய்தார், எவர் கோவில் காணியை அமுக்கினார், எவர் சாகும்போது எத்தனை பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள் என்பதுதான் பேச்சு. ஆனைக்கும் அடிசறுக்கும் என்பார்கள். இவர்களுக்கோ கால் ஊன்றவே தெரியாது. எனக்குப் பொறுக்கவில்லை. நாங்கள் அந்தக் காலத்தில் பெரியவர்களுக்குப் பிரெஞ்சில்தான் பதில் சொல்வோம், நானும் மூட்டையில் இருந்தபடி பிரெஞ்சில் கேட்டேன்: இரண்டில் எது நல்ல நாம்பன்? அதைத்தானே வைத்திருக்க வேண்டும்? எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் மாமியின் அழைப்பு போன் ஸ்பீக்கரில் இருந்தது. பிள்ளை என்ன சொல்லுது என்று மாமி கேட்க, அப்பா யோசியாமல் தமிழில் சொல்லிவிட்டார்.

மாமிக்கு அது மாட்டைப் பற்றிய கேள்வி. மாட்டைப் பற்றியே பதில் சொன்னாள்.

"அதிலை என்ன யோசினை? வேலைக்கு உதவுறது சின்னத்தம்பிதான். ஊரிலை நிக்கிற கண்டுக்குட்டியெல்லாம் அவருக்குப் பிறந்ததுதான். கந்தையா பசுவுக்குக் கிட்டவும் போகார். திண்டுபோட்டுப் படுக்கிறார், அவ்வளவுதான்."

யாரோ ஒருவர் இருமினார். செல்வம் மாமா தலையைக் குனிந்துகொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. குணம் மாமாவின் முகம் கறுத்துப்போனது. போனை நிறுத்தச் சொல்லிவிட்டு, தன் தகப்பனார் ஒன்பது பிள்ளைகளைப் பெற்ற மனுசன் என்று மேசையில் அடித்துச் சொன்னார். ஒரு காளைக்காக ஒரு மனிதர் தன் தகப்பனின் ஆண்மைக்குச் சாட்சி சொல்லிக்கொண்டு நின்றதைப் பார்த்த எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அதன் பிறகு அவர் ஒரே பிடியில் நின்றார்: கந்தையா விற்கப்பட்டால் சங்கத்தில் அவர் இல்லை, பின்னறையும் இல்லை. பின்னறை இல்லையென்றால் சங்கம் எங்கே கூடும்? ஆகவே இரண்டையும் வைத்திருப்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். அப்பாவும் கை உயர்த்தினார். தன் அக்காவிடம் வைக்கல் இல்லை என்பது அந்த அறையில் வேறு யாரையும்விட அவருக்குத்தான் தெரியும். ரயிலில் வீட்டுக்குப் போகும்போது, ஏன் கையை உயர்த்தினீர்கள் என்று கேட்டேன். எல்லாரும் உயர்த்தினவை பிள்ளை என்றார்.

மாமி அந்தத் தீர்மானத்தை மறுக்கவில்லை. பிறத்தியாருடைய தகப்பன்மாரைப் பட்டினி போட்டாள் என்ற பழி வரக்கூடாது என்று தன் பசுவுக்கு வைத்திருந்த வைக்கலையும் நாம்பன்களுக்கே போட்டிருக்கிறாள். இலைகுழை வெட்டிப் போட்டாள், வாழைத்தண்டு அரிந்து போட்டாள், கடைசியில் அடுக்களைக் கூரையின் வைக்கலைக்கூட உருவிப் போட்டாள். பசுவுக்குப் பால் வற்றியது. கன்று செத்தது. அதைப்பற்றி அவள் போனில் சொன்னபோது சங்கத்தில் ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை, கன்றுக்குப் பெயர் இல்லைத்தானே.

கந்தையா சீமெந்தில் வழுக்கி விழுந்து எழும்ப முடியாமல் கிடந்து செத்தது. சில நாளில் சின்னத்தம்பியும் போனது. அந்தச் செய்தி வந்த சனிக்கிழமை நான் பார்த்ததுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம். முதலில் விழுந்தது எது என்று செல்வம் மாமா கேட்டார். கேட்டுவிட்டு, தன் தகப்பனின் நாம்பன் கூடுதலாகத் தாக்குப்பிடித்தது என்பதில் அவர் முகத்தில் ஒரு திருப்தி வந்ததை நான் கண்டேன். அடுத்ததாக, நாய் நரி இழுக்காமல் மரியாதையாகப் புதைக்க வேண்டும் என்று மண்வெட்டும் இயந்திரம் பிடிக்க அங்கேயே காசு சேர்ந்தது. தீனிக்கு வராத ஒற்றுமை குழிக்கு வந்தது. செத்த நாம்பன்களின் கழுத்தில் மாலை போட்ட படம் வந்ததும் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். வயிறு ஊதி, கண்ணில் இலையான் மொய்த்திருந்த அந்தப் படத்தை எனக்கும் காட்டினார்கள்.

பிறகு பழி போட ஆள் தேவைப்பட்டது. மாடு பார்க்கத் தெரியாதவளிடம் கொடுத்தால் இப்படித்தான் என்றார் குணம் மாமா. அவள் வைக்கலை விற்றிருப்பாள் என்று இன்னொருவர் சொன்னார். அப்பா பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே இருந்தார். மாமி அதற்குப் பிறகு மாடு வளர்க்கவில்லை. பசுவைக் கொடுத்துவிட்டு, அடுத்த ஊரில் தேங்காய்த் தும்பில் கயிறு திரிக்கிற தும்புத்தொழில் செய்யப் போனாள்.

இப்போது நான் பொபினியில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ரூ காயில் அந்தக் கடை இல்லை, அந்த இடத்தில் கைபேசிக்கு உறை விற்கிறார்கள். செல்வம் மாமாவின் கொத்துரொட்டிக் கடை கைமாறிவிட்டது. ஊரில் தரவைக்கு முள்வேலி அடித்துவிட்டார்களாம், பளிங்குக்கல் பதித்த கொட்டிலில் யாரோ விறகு அடுக்குகிறார்களாம். போனது போகட்டும், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. போகாதது சங்கம்தான்.

போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் குணம் மாமாவும் செல்வம் மாமாவும் ஒன்றாக வந்து என்னைப் பிடித்தார்கள். இருவருக்கும் தலை நரைத்துவிட்டது, இப்போது இருவரும் நல்ல சிநேகிதம். ஊரில் ஒரு நாம்பனும் இல்லையாம், பசுக்கள் சினைப்பட வழியில்லையாம், ஆகவே திரும்பவும் இரண்டு வாங்கிக் கொடுக்கப் போகிறார்களாம். நான் தமிழ் எழுதுகிறவள் என்பதால் நான்கு பேர் மனம் இளகுகிற மாதிரி ஒரு வேண்டுகோள் எழுதித் தர வேண்டுமாம். மாமியைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். வெளியே வந்து அங்கேயிருந்தே மாமிக்குப் போன் எடுத்தேன். விசயத்தைச் சொன்னேன்.

"மாடு வேண்டாம் பிள்ளை," என்றாள். "உள்ள மாடே மாரியிலை தீனியில்லாமல் நிக்குது. ஒருத்தரின்ர பேரும் இல்லாத வைக்கல் இருந்தால் அனுப்பச் சொல்லு."

உள்ளே போய் அதை ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னேன். செல்வம் மாமா தலையாட்டினார். குணம் மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி வெகுநேரம் யோசித்தார். எனக்குக்கூட ஒருகணம் அந்த மனிதர் மேல் இரக்கம் வந்தது. பிறகு அவர், வைக்கல் போரை மூடுகிற தறப்பாளில் தன் அப்பாவின் பெயரை அடிக்கலாமோ என்று கேட்டார்.