கீழ்வீட்டு ஆன்ட்டி தட்டச்சு செய்யாத தண்டனைகள்

1. நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில் எங்கள் அடுக்ககத்தின் எதிர்வீட்டில் இருந்த அக்கா, சென்னைக் கடற்கரையில் கப்பல்களுக்கும் படகுக்காரர்களுக்கும் வெள்ளைக்கார அரசு போட்ட உத்தரவுகளைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிவிப்புகளின் ஒளிநகல்கள் ஆண்டு வரிசையில் இரண்டு அட்டைப்பெட்டி நிறைய அவரிடம் இருந்தன.

2. அவற்றில் தேடுவதற்கு நான் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன்.

3. ஆங்கிலப் பக்கங்களை ஸ்கேனர் படித்தது. தமிழைக் கையால்தான் அடிக்க வேண்டும். முதல் பெட்டியை அக்கா அடித்தார். இரண்டாவதைப் பெட்டியோடு வாங்கிக்கொண்டு போய்க் கீழ்வீட்டு ஆன்ட்டி அடித்தார்.

4. இரண்டாவது பெட்டியில், ஆங்கில அறிவிப்பில் இருக்கும் தண்டனைகள் தமிழ் அறிவிப்பில் இல்லை என்று நிரல் காட்டியது.

5. அதை வைத்து அக்கா ஓர் அத்தியாயம் எழுதினார். அதைப் படித்துவிட்டு டெக்ஸஸில் ஒரு பல்கலைக்கழகம் அவரை ஆசிரியர் வேலைக்கு நேர்முகத்துக்கு அழைத்தது.

6. கீழ்வீட்டில் வளைகாப்பு நடந்தது.

ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் தொடர்பு இருக்கிறது என்பது வளைகாப்புச் சாப்பாட்டின்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அக்கா திருநெல்வேலிக்காரர். அவருடைய மாணவர் விசா அந்தக் கோடையோடு முடிய இருந்தது. பல இடங்களுக்கு விண்ணப்பித்திருந்தார்; கூப்பிட்டது அந்த ஓர் இடம்தான். அது கிடைத்தால் இங்கேயே இருந்து ஆய்வைத் தொடரலாம். கிடைக்காவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். இதை அவர் புலம்பலாகச் சொன்னதில்லை. தன் வீட்டு மைக்ரோவேவை எனக்கு வேண்டுமா என்று ஒருநாள் கேட்டார், அவ்வளவுதான்.

நான் பார்சிப்பனியில் ஒரு மருந்துக் கம்பெனிக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். சரித்திரம் எனக்குப் பத்தாம் வகுப்போடு நின்றுபோன பாடம். ஆனாலும் அந்த அறிவிப்புகளைப் படிப்பது பிடித்திருந்தது. அப்போது சென்னையில் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகில்தான் ஆட்களையும் சரக்கையும் அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். எந்தக் கொடி ஏறினால் படகு இறக்கக்கூடாது, எந்தக் கொடி ஏறினால் கப்பல்கள் நங்கூரத்தை விட்டுவிட்டு ஆழ்கடலுக்கு ஓடிவிட வேண்டும், ஒரு படகில் எத்தனை துடுப்புக்காரர் இருக்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் உத்தரவு இருந்தது. உத்தரவை மீறினால் என்ன என்பதும் இருந்தது. கப்பல் தலைவருக்கு அபராதம். படகுக்காரனுக்குப் பிரம்படி.

கப்பல்காரர்கள் படிக்க ஆங்கிலத்தில் ஒன்று, படகுக்காரர்களுக்கு வாசித்துக் காட்டத் தமிழில் ஒன்று என்று ஒரே அறிவிப்பு இரண்டு மொழியிலும் அச்சாகியிருக்கும். என் நிரல் இரண்டையும் எண் வாரியாக அருகருகே காட்டும். அக்காவின் அத்தியாயம் சொன்னது இதுதான்: முதலில் அரசு தண்டனையைப் படகுக்காரர்களிடம் வெளிப்படையாகச் சொல்லியது, பிறகு ஒரு கட்டத்தில் அதை அவர்களுக்குச் சொல்லாமலே தண்டிக்க ஆரம்பித்தது. அவருடைய பேராசிரியருக்கு இது மிகவும் பிடித்திருந்தது.

கீழ்வீட்டு ஆன்ட்டி கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரர். தாலுகா ஆபீசில் தமிழ்த் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளின் பிரசவத்துக்காக வந்திருந்தார். பகலில் மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட, வெளியே பனி, டிவியில் புரியாத பேச்சு. பழைய தட்டச்சுப் பலகையின் வரிசையிலேயே அமைந்த தமிழ் எழுத்துரு ஒன்றை நான் அவர்கள் வீட்டுக் கணினியில் போட்டுக் கொடுத்ததும், அவர் சந்தோஷமாக உட்கார்ந்துவிட்டார். அவர் அடித்து நான் பார்த்திருக்கிறேன். மழை பெய்வது மாதிரி இருக்கும்.

வளைகாப்பு ஒரு சனிக்கிழமை. எடிசனில் இந்தியக் கடையில் வாங்கிய கண்ணாடி வளையல்கள், ஐந்து வகைச் சாதம், சோபாக்களை ஓரம் தள்ளிய ஹாலில் காகிதத் தட்டோடு நாங்கள். ஆன்ட்டி கரண்டியோடு சுற்றி வந்தார்.

"அம்முணி, புளிசாதம் இன்னுங் கொஞ்சம் வெச்சுக்கோ. எலும்பும் தோலுமா இருக்கற, உன்னைய எவன் கட்டுவான்?"

"சும்மா இருங்க ஆன்ட்டி" என்றேன். அக்கா என்னைக் காப்பாற்றப் பேச்சை மாற்றினார்.

"ஆன்ட்டி, உங்க டைப்பிங்ல ஒரு தப்புகூட இல்ல. யாரு இவங்கன்னு என் ப்ரொஃபஸரே கேக்காரு."

"சர்வீஸ் பூராம் அடிச்ச கையி, கண்ணு. அந்தக் கெட்ட சமாச்சாரம் மட்டுந்தான் பாக்கி. கொழந்த பொறந்து தீட்டுக் கழியட்டும், ஒரே மூச்சுல அடிச்சுக் குடுத்தர்றேன்."

"எந்தக் கெட்ட சமாச்சாரம்?"

"அதுதான், படகு கவுந்து செத்தவன், பிரம்படி வாங்குனவன், அதெல்லாம். புள்ளத்தாச்சி இருக்கற ஊட்டுல உக்காந்து அதைப் போயி அடிக்க முடியுமா? எடம் உட்டுத்தான் வெச்சிருக்கேன். அந்தத் தாளுகளக்கூட உள்ள வெச்சுக்கலை. பால்கனில கெடக்குது."

மணையில் உட்கார்ந்திருந்த மகள் திரும்பினாள். "அம்மா! அது அவங்க ரிசர்ச்மா. நீ பாட்டுக்கு எடிட் பண்ணி வெச்சிருக்க?"

"நீ பேசாம உக்காரு. வளையல் ஒடஞ்சுரப் போவுது."

அக்கா தட்டைக் கீழே வைக்கவில்லை, சாப்பிடவும் இல்லை. என்னைப் பார்த்தார்.

"எடம் விட்டிருக்காங்களாம். அப்ப எனக்கு ஏன் தெரியல?"

"காலி லைனை எல்லாம் ப்ரோக்ராம் ஸ்ட்ரிப் பண்ணிடும் அக்கா. ரெண்டு ரெண்டு என்டர் தட்டிடறேன், க்ளீன் பண்ணிக் குடுன்னு முதல் பெட்டி அடிக்கறப்ப நீங்கதான் கேட்டீங்க."

"ஏட்டி, வியாழக்கெழம எனக்கு டெக்ஸஸ் ஃப்ளைட்டு" என்றார் அக்கா. பிறகு மெதுவாக, "ஒரு வளைகாப்பு என் சாப்டரையே முழுங்கிட்டு, பாத்தியா" என்றார்.

ஆன்ட்டிக்கு விஷயம் புரிந்தபோது முகம் சின்னதாகிவிட்டது. கீழே இருக்கும் லாண்டரி அறையில் உட்கார்ந்து அன்றைக்கே அடித்துத் தருகிறேன், அது வீடு இல்லையே என்றார். வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். பால்கனியில் ஒரு பூந்தொட்டிக்கு அடியில், மளிகைக்கடைப் பிளாஸ்டிக் பை இரண்டில் சுற்றித் தாள்கள் பத்திரமாக இருந்தன. தாலுகா ஆபீஸ் பழக்கம்: எந்த அறிவிப்பில் எந்தப் பத்தி பாக்கி என்று ஒவ்வொன்றிலும் பென்சிலால் குறித்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டில் நாங்கள் இருவரும் அதை அடித்தோம். நான் படிக்க, அவர் அடித்தார். தண்டனைகள் இருந்தன. ஒன்றுவிடாமல் இருந்தன. சில இடங்களில் ஆங்கிலத்தைவிடத் தமிழ் விரிவாகவே இருந்தது. கடற்கரையில், மற்றப் படகுக்காரர்கள் பார்க்க அடிக்கப்படும் என்பது தமிழில் மட்டும் இருந்தது. அரசு அவர்களிடம் எதையும் மறைக்கவில்லை.

வழிகள் என்று பார்த்தால் மூன்றுதான் இருந்தன. எழுதியதை அப்படியே போய்ச் சொல்வது. நேர்முகத்தை ரத்து செய்வது. அந்த வாதத்தை எடுத்துவிட்டு மீதியோடு போவது. நான் சொன்னேன். எனக்கு இப்படி எண் போட்டுச் சொல்லித்தான் பழக்கம்.

"அங்க தமிழ் தெரிஞ்ச ஆளு ஒருத்தருகூட கெடையாது" என்றார் அக்கா. "நான் சொல்லலன்னா யாருக்குத் தெரியப் போவுது?"

"தெரியாது" என்றேன். உண்மை அதுதான்.

அவர் அடுத்த தாளைக் காட்டி, படி என்றார். அது ஒரு தனி அறிவிப்பு. அலை மோசம் என்று கொடி ஏறிய பிறகும் படகை இறக்கியதில் ஒரு பயணி மூழ்கிப்போனான். படகைச் செலுத்தியவனுக்குப் பிரம்படி கொடுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு இது எச்சரிக்கை. படகுக்காரனின் பெயரும் அவன் குப்பமும் அதில் அச்சாகியிருந்தன. ஆங்கிலத்தில் பெயர் இல்லை. அக்கா அடித்து முடித்துவிட்டுக் கையை எடுத்தார்.

"பேரோட போட்டு ஊருக்கே வாசிச்சிருக்கான் பாரு. இந்தப் படகுக்காரன்கிட்ட யாரும் சொல்லவே இல்லன்னு நான் எப்படிட்டி போயி நிக்க?"

பிறகு எழுந்து போய் டீ போட்டார். முதல் வழியைப் பற்றி அதற்கு மேல் பேச்சு வரவில்லை. திங்கள் முதல் புதன் வரை அவர் தன் உரையைப் பிரித்துப் போட்டுத் திரும்பத் தைத்தார். தண்டனை போனது. புயல் கொடி வந்தது: கரையில் ஏறும் கொடியை நம்பி நங்கூரத்தை விட்டு ஓடும் கப்பல்கள், கொடி தாமதமானால் யார் பொறுப்பு என்று கப்பல்காரர்களுக்கும் கொடி ஏற்றும் அதிகாரிக்கும் நடந்த சண்டை. நல்ல விஷயம்தான். ஆனால் மூன்று நாளில் செய்தது மாதிரி இருந்தது. அவருக்கும் அது தெரியும்.

டெக்ஸஸிலிருந்து வெள்ளிக்கிழமை தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மொதல்லயே சொல்லிட்டேன். நீங்க படிச்ச சாப்டர் தப்பு, தண்டனை விட்டுப்போனது டைப்பிங்ல வந்ததுன்னு. ஏன் டைப் பண்ணலன்னு ஒருத்தரு கேட்டாரு. வளைகாப்புன்னா என்னன்னு விளக்குனேன் பாரு, என் பேச்சுலயே அதுதான் சூப்பர்."

"சிரிச்சாங்களா?"

"நல்லாச் சிரிச்சாங்க. ஒரு அம்மா வந்து கையெல்லாம் குடுத்தாங்க. வேலை குடுக்க மாட்டாங்கட்டி."

அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. சில வாரங்களில் கடிதம் வந்தது, வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவருடைய பேராசிரியர் கோபப்படவில்லை. ஆனால் அந்த அத்தியாயத்தைப் பற்றி அவர் முன்போல் உற்சாகமாகப் பேசவும் இல்லை.

இப்போதைய நிலை: அக்கா ஆய்வேட்டை முடித்துவிட்டார். அதில் அந்த அத்தியாயம் இல்லை. புயல் கொடியைப் பற்றி ஒன்று இருக்கிறது. நியூ ஜெர்சியிலேயே, பிறகு அழைத்த ஒரு சிறிய கல்லூரியில் ஓராண்டு ஒப்பந்தத்தில் பாடம் எடுக்கிறார். படிப்பு முடிந்தபின் வேலை செய்யக் கிடைத்த அனுமதியும் அதே ஓராண்டுக்குத்தான். அடுத்த ஆண்டுக்கு இன்னும் எங்கும் இடம் கிடைக்கவில்லை.