பிறகு பாப்போம்

இல்லை, நான் எதையும் அழுத்தவில்லை. பிரவுசர் தானாகவே மூடிக்கொண்டு, புது வெர்ஷனாகத் திறந்தது. பாதி நிரப்பியிருந்த வேலை விண்ணப்பத்தைக் காணவில்லை.

இன்று கடைசி நாள்.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள நெட் சென்டர். கடைக்கார அண்ணாச்சிக்கு என்னைவிடக் கோபம்.

"அப்டேட் பண்ணவான்னு தினமும் கேக்கும். நானும் தினமும் ‘பிறகு’ன்னுதான் அமுக்குதேன்."

"‘பிறகு’ன்னா அப்புறம் பண்ணலாம்னுதானே அண்ணாச்சி அர்த்தம்?"

"ஏம்மா, நீ நம்ம ஊருதானே? நன்கொடை கேட்டு வாரவன்ட்ட ‘பிறகு பாப்போம்’னு சொன்னா மறுபடியும் வாரானா? அவனுக்குப் புரியுதுல்லா?"

"‘வேண்டாம்’னே அமுக்கிரலாமே."

"எங்கன இருக்கு அந்தப் பட்டன்? காட்டு பாப்போம்."

தேடினேன். ‘இப்போது’ இருந்தது, ‘பிறகு’ இருந்தது. உங்களில் யார் பிரவுசரிலாவது மூன்றாவது இருந்தால் சொல்லுங்கள், அண்ணாச்சி கேட்கிறார்.

முதலிலிருந்து நிரப்ப ஆரம்பித்தபோது அம்மா போன் செய்தாள்.

"மாப்பிள்ள வீட்டுக்காரவிய மறுபடியும் கேக்காவ. நீ ‘பிறகு பாப்போம்’னுதானே சொன்ன?"

அண்ணாச்சி ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்னு சொல்லிரும்மா" என்றேன்.

விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பினேன்.